வெள்ளம் வந்து நாலு வருஷம்: மணல் ஏறின கழனி, காணாமல் போன கால்வாய். உங்கள் ஊரில் என்ன செய்தீர்கள்?

பாலாத்துக்கரை | செப்டம்பர் 14, இரவு 9.20

வணக்கம். ரெண்டு வருஷமாக இங்கே படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வேலூர் மாவட்டம், பாலாற்றங்கரையில் உள்ளிப் பக்கம். 2021 நவம்பர் வெள்ளத்தில் மாதனூர்–உள்ளி தரைப்பாலம் போனது இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மறந்திருக்காது. அதே வெள்ளத்தில் ஆற்றை ஒட்டிய எங்கள் கழனி ஒன்றரை ஏக்கரில் மணல் ஏறியது. கரையோரத் தென்னை பதினொன்று மண்ணோடு சரிந்து ஆற்றில் போனது. தண்ணீர் வடிந்த பிறகு கடப்பாரையை இறக்கிப் பார்த்தால் முழங்கை ஆழத்துக்கு வெறும் மணல், அதற்குக் கீழேதான் எங்கள் கறுப்பு மண் தட்டுப்பட்டது. அப்பா அந்தக் கடப்பாரையைப் பிடுங்கவே இல்லை. அப்படியே நட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டார்.

ஜேசிபி வைத்து அரை ஏக்கர் வழித்தோம். மணலை வெளியே ஏற்றினால் கேஸ் ஆகும் என்று பயந்து வரப்போரமே குவித்தோம். மீதி ஒரு ஏக்கரில் இன்றைக்கும் கோரையும் சீமைக்கருவேலமும்தான்.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. ஆற்றுத் தண்ணீர் ரெண்டு நாளில் இறங்கிவிட்டது. பின்பக்கம் எங்கள் ஏரி கோடி போன தண்ணீர்தான் ஒன்பது நாள் நின்றது. கடைவாசலிலிருந்து (ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற வாய்) ஆற்றுக்குப் போகிற கால்வாய் பாதி தூரத்துக்கு மேல் இல்லவே இல்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் அதைத் திறக்கலாம் என்று இருபது பேர் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்கே தொடங்குவது? மணலுக்கு வழி உண்டா? பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய ஓவர்சியர் | செப்டம்பர் 14, இரவு 10.05

தம்பி, ஏரி, மதகு, கால்வாய் என்று முப்பது வருஷம் சைக்கிளிலும் அப்புறம் டிவிஎஸ்ஸிலும் சுற்றினவன் சொல்கிறேன். ஆற்று வெள்ளம் வேறு, ஏரி வெள்ளம் வேறு என்று பிரித்தீர்களே, அதுவே பாதி வேலை. முதலாவதை நீங்களும் நானும் தடுக்க முடியாது. அந்த வருஷம் வாலாஜா பக்கத்துப் பாலாறு அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் போயிற்று. 1903 நவம்பரில் வாணியம்பாடியை அடித்த வெள்ளத்துக்கு அப்புறம் அந்த மாதிரி பார்த்ததில்லை என்றார்கள். 1903இல் மேலே மைசூர் சீமை ஏரிகள் உடைந்து வந்த தண்ணீர் அது. வாணியம்பாடியில் அதற்கு நினைவுத்தூணே இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நின்று படியுங்கள்.

ஆற்றின் நீளத்தைப் பாருங்கள்: கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, நம்மிடம் 222. மழை அங்கே பெய்தாலும் மணல் உங்கள் கழனியில்தான் இறங்கும். எதிர்க்கரை மாதனூர் இப்போது வேறு மாவட்டம். 2019இல் பிரித்த பிறகு ஆறு நடுவில் ஓடுகிறது, கரைக்கு ஒரு கலெக்டர்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். கடைவாசல் கால்வாய் நேரே ஆற்றுக்குப் போகிறது என்கிறீர்களே, யார் சொன்னது? நம் பக்கத்து ஏரிகள் பெரும்பாலும் சங்கிலி. மேல் ஏரியின் போக்குக் கால்வாய்தான் கீழ் ஏரிக்கு வரத்துக் கால்வாய். கடைசி ஏரிதான் ஆற்றில் விடும். முதலில் புலப்படத்தைப் பாருங்கள். வருவாய்த்துறையின் இணையதளத்தில் சர்வே எண் போட்டால் எப்.எம்.பி. என்கிற அந்தப் புலப்படமும், எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்கிற அ-பதிவேடும் காசில்லாமல் வரும். அ-பதிவேட்டில் வாய்க்கால் புறம்போக்கு என்று இருக்கிற எண்களை எல்லாம் எழுதிக்கொண்டு வரிசையாக நடந்து பாருங்கள். வண்டியில் போகக் கூடாது, நடக்க வேண்டும்.

கைலித்தறி | செப்டம்பர் 15, காலை 6.40

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குப் பாலாறு இல்லை, கவுண்டன்ய ஆறு. மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் மீதியை நாங்கள் வாங்கிக்கொள்வோம்.

எங்கள் வீட்டில் குழித்தறி ரெண்டு, கால் வைக்கத் தரையில் குழி எடுத்த கைத்தறி. தண்ணீர் முழங்கால் அளவுதான் வந்தது, ஆனால் தறிக்குழிக்கு முழங்கால் என்ன, கணுக்கால் போதும். குழி நிறைந்து பலகை மிதந்தது. தறியில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றி நாலு நாள்தான் ஆகியிருந்தது. கஞ்சி போட்ட நூல் நனைந்தால் என்ன ஆகும் என்று நெய்கிறவர்களுக்குத் தெரியும். இழைக்கு இழை ஒட்டிக்கொள்ளும், காய்ந்தால் கயிறு மாதிரி. இழை கோக்கிற விழுதில் சேறு ஏறி ஒரு கண்ணும் திறக்கவில்லை. அச்சு துருப்பிடித்தது.

நிவாரணம் எழுத வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு சுவர் இடியவில்லையே என்று கேட்டார். இடியவில்லைதான். ரெண்டு மாசம் கூலி இல்லை, அதற்கு அவர் கையில் இருந்த தாளில் கட்டமே கிடையாது.

குழியை இறைத்ததும் உடனே தறி பூட்டக் கூடாது என்று மாமா சொன்னார். கேட்கவில்லை. ஈரம் கீழிருந்து ஏறி அடுத்த பாவும் பூஞ்சை பிடித்தது. அப்புறம்தான் குழியில் அடுப்புச் சாம்பலும் உமியும் கொட்டி, மூணு வாரம் காய விட்டு, பக்கத்தில் ஒரு அடி உயரத்துக்குச் செங்கல் விளிம்பு கட்டினோம். இப்போது மழைக்காலம் வந்தால் பாவு நூலை அட்டத்தில் ஏற்றிவிடுகிறோம்.

இன்னொன்று. தண்ணீர் போய்விட்டதே என்று மண் சுவர் வீட்டுக்குள் போய்ப் படுக்காதீர்கள். பேரணாம்பட்டில் அந்த நவம்பரில் மழையில் ஊறிய வீடு இடிந்து ஒன்பது பேர் போனார்கள், குழந்தைகளும் அதில். ஊறின சுவர் சத்தம் போடாமல் விழும்.

சந்தேகப்பிராணி | செப்டம்பர் 15, காலை 8.15

எல்லாரும் அழுகிற இடத்தில் நான் ஒரு கேள்வி கேட்டால் அடிக்க வராதீர்கள். 2021க்கு முன்னால் பள்ளிகொண்டாவில் எங்கள் கிணறு எட்டிப் பார்த்தால் பாறைதான். வெள்ளத்துக்கு அப்புறம் மோட்டார் போடாமல் வாளியில் மொண்டோம். பாலாற்றில் தண்ணீரையே பார்க்காத பிள்ளைகள் பாலத்தில் நின்று செல்பி எடுத்தார்கள். வெள்ளம் வராமல் இருந்தால் நல்லது என்றா சொல்கிறீர்கள்? மேலே புல்லூரில் ஆந்திராக்காரர்கள் தடுப்பணையை 2016இல் 12 அடியாக உயர்த்தியபோது இதே ஆட்கள்தான் தண்ணீர் வரவில்லை என்று போராடினோம்.

கைலித்தறி | செப்டம்பர் 15, காலை 8.50

கிணறு மேட்டில் இருந்தால் வெள்ளம் நல்லதுதான் அண்ணே.

கன்சால்பேட்டைக்காரி | செப்டம்பர் 15, மதியம் 1.30

வேலூர் டவுனிலிருந்து. எனக்கு ஏரியும் தெரியாது, கழனியும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் நிக்கல்சன் கால்வாய். பேர்தான் கால்வாய், வருஷத்தில் பத்து மாசம் அது சாக்கடை.

மூணு வருஷத்தில் நாலு தடவை தண்ணீர் உள்ளே வந்தது. இப்போது எங்கள் தெருவுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. வாசல் சுவரில் கறுப்புப் பெயின்டில் கோடு போட்டு வைத்திருக்கிறோம், எந்த வருஷம் எவ்வளவு என்று. 2021 கோடு என் இடுப்புக்கு மேல். புதிதாகக் குடி வருகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் அந்தக் கோட்டைப் பார்க்கிறார்கள். வீட்டுக்காரர் ஒருத்தர் சுவருக்கு வெள்ளையடித்து மறைத்தார். மறுநாள் காலையில் யாரோ திரும்பக் கோடு போட்டிருந்தார்கள். (நான் இல்லை.)

நிவாரணம் என்றால் அரிசி, பருப்பு, பாய். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் எங்களுக்கு வேண்டியது துடைப்பம், மம்பட்டி, பிளீச்சிங் பவுடர், ஒரு மோட்டார். சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். ஒரு நாள் வெயில் பட்டால் ஓடு மாதிரி இறுகிவிடும், அப்புறம் தண்ணீர் ஊற்றித்தான் கரைக்க வேண்டும். அந்தத் தண்ணீருக்கு எங்கே போவது?

தொட்டித் தண்ணீரைப் பற்றி ஒரு நர்ஸ் அக்கா சொல்லித்தந்தது: வெள்ளம் புகுந்த தொட்டியில் மருந்து போட்டுக் குடிக்கலாம் என்று நினைக்காதே, முதலில் முழுக்க இறை, சுவரைத் தேய்த்துக் கழுவு, மறுபடி நிரப்பு. அதன் பிறகு ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர், ஒரு மணி நேரம் விடு. குடத்துக்கு என்றால் குளோரின் மாத்திரை, அரை கிராம் மாத்திரை ஒன்று இருபது லிட்டருக்கு. திறந்து வைத்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது, மூக்கில் ஏறுகிற வாசனை வர வேண்டும்.

பத்திரங்களை என்ன செய்கிறோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சர்டிபிகேட், பட்டா நகல் எல்லாம் பால் கவர் மாதிரி கனமான பிளாஸ்டிக்கில் போட்டு அரிசி டிரம்முக்குள். டிரம் மிதக்கும், மூடி திறக்காது.

பழைய ஓவர்சியர் | செப்டம்பர் 15, மாலை 4.10

அந்தச் சுவர்க் கோடு அருமையான வேலை அம்மா. அரசாங்கம் பாலத்துத் தூணில் அளவுகோல் வரைகிறது, நீங்கள் வாசலில் வரைந்திருக்கிறீர்கள்.

வேலூர் டவுனுக்கு ஒரு உதாரணம் போதும். 2021 மழையில் கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் தண்ணீர் நின்றது ஞாபகம் இருக்கிறதா? கோட்டை கட்டினவன் உபரித் தண்ணீர் பாலாற்றுக்குப் போகக் கால்வாய் வைத்துத்தான் கட்டினான். அது தூர்ந்து கிடந்தது. தண்ணீர் வரத்துக்கு எல்லாரும் கவலைப்படுவார்கள், ஆழப்படுத்துவார்கள், படம் எடுத்துப் போடுவார்கள். போக்குக்கு ஆள் இருக்காது. காட்பாடியில் கழிஞ்சூர் ஏரி நிரம்பி வி.ஜி.ராவ் நகருக்குள் போனதும் இந்த வகைதான்.

சந்தேகப்பிராணி தம்பி சொன்னதில் பாதி சரி. பாலாற்றுக்கு வெள்ளம் வேண்டும். மணல் இருந்த வரைக்கும் அந்த மணல்தான் அணை. ஆற்று மணலைத் தோண்டி ஊற்றுக்கால் பிடித்துப் பாசனம் செய்த சீமை இது. மழை நின்று மாசக்கணக்கில் ஊற்றுக்காலில் தண்ணீர் வரும், பார்த்திருக்கிறேன். மணலை அள்ளியபின் வருகிற தண்ணீர் நிற்காமல் ஓடுகிறது, ஓடுகிற வேகத்தில் கரையையும் பாலத்தையும் அரிக்கிறது. பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல் கண்டு ரயிலை நிறுத்தியது 2021 டிசம்பர் கடைசியில், பெருவெள்ளம் வடிந்து ஒரு மாதம் கழித்து. அதனால்தான் சொல்கிறேன், தண்ணீர் இறங்கின அன்றைக்குக் கணக்கை மூடாதீர்கள்.

மட்டுறுத்துனர் | செப்டம்பர் 15, மாலை 5.00

மணல் அள்ளியது எந்தக் கட்சி என்ற பதிவுகள் ஆறு நீக்கப்பட்டன. தலைப்புக்குள் இருங்கள்.

மாட்டு டாக்டர் | செப்டம்பர் 15, இரவு 9.45

அரசுப் பணியில் இருக்கிறேன், அதனால் ஊர் வேண்டாம். கால்நடையைப் பற்றி யாருமே பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

வெள்ளத்தில் செத்த மாடுகளில் நான் பார்த்த பலவற்றின் கழுத்தில் கயிறு இருந்தது. ஆள் ஓடிவிடுகிறோம், அவிழ்க்க மறந்துவிடுகிறோம். அவிழ்த்துவிட்டால் மாடு தானே மேட்டைத் தேடிப் போகும்.

செத்துவிட்டால் அழுது முடித்த உடனே புதைத்துவிடாதீர்கள். போட்டோ எடுங்கள், காது வில்லை எண் தெரிகிற மாதிரி. கால்நடை மருத்துவர் சான்று, வி.ஏ.ஓ. அறிக்கை இரண்டும் வேண்டும். 2021இல் கறவை மாட்டுக்கு 30,000 ரூபாய், ஆட்டுக்கு 3,000. 2022இல் பேரிடர் நிதி விதிகளை மாற்றிய பிறகு 37,500, 4,000. புதைத்த பிறகு வந்து கேட்டால் நான் எதைப் பார்த்து எழுதுவது? ஒரு அம்மா மூணு மாடு போய் ஒன்றுக்குத்தான் வாங்கினார். மற்ற ரெண்டும் ஆற்றோடு போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சாட்சி சொல்ல வந்தார், ஏற்கவில்லை.

மழைக்கு முன்னால் தொண்டை அடைப்பான், சப்பை நோய் ரெண்டுக்கும் ஊசி போட்டுவிடுங்கள். அப்புறம் வைக்கோல். நனைந்து புழுங்கிய வைக்கோலைக் காயவைத்துக் கொடுக்கலாம் என்று நினைப்பார்கள். கறுத்துப் பூஞ்சை பிடித்தது என்றால் எருக்குழிக்குத்தான்.

பாலாத்துக்கரை | செப்டம்பர் 16, காலை 7.00

எல்லாருக்கும் நன்றி. டாக்டர் ஐயா சொன்னதைப் பார்த்ததும் ஒரு சந்தேகம்: மணல் ஏறின நிலத்துக்கும் அந்த மாதிரி கணக்கு இருக்கிறதா? எங்களுக்குப் பயிர் சேதத்துக்கு மட்டும் ஏதோ வந்தது.

விரிஞ்சை விவசாயி | செப்டம்பர் 16, காலை 10.20

இருக்கிறது, பல பேர் கேட்பதில்லை. மணலோ வண்டலோ மூன்று அங்குலத்துக்கு மேல் படிந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 2021 விதிப்படி 12,200 ரூபாய், 2022இல் மாற்றிய விதிப்படி 18,000. ஆறு திசைமாறி நிலமே போய்விட்டால் சிறு, குறு விவசாயிக்குத் தனிக் கணக்கு உண்டு. எத்தனை அங்குலம் என்று அதிகாரி அளந்து எழுத வேண்டும். நீங்கள் ஜேசிபி வைத்து வழித்த அன்றே சாட்சி போய்விட்டது. அந்தக் கடப்பாரையை நட்டபடி ஒரு போட்டோ எடுத்திருந்தால்...

சரி, போனது போகட்டும். மணல் நிலத்துக்கு நாங்கள் செய்தது. எங்கள் பக்கம் மணல் ஒரு சாண் கூட இல்லை, உங்களுடையது அதிகம், அதனால் மேல் பாதியையாவது வழித்துத்தான் ஆக வேண்டும். அடியில் மிச்சம் இருப்பதைச் சட்டிக் கலப்பையால் ஆழமாகப் புரட்டிக் கீழ் மண்ணோடு கலக்க விடுங்கள். அப்புறம் ஏரி வண்டல். 2024 ஜூலையிலிருந்து தாசில்தார் மட்டத்திலேயே இலவச அனுமதி கிடைக்கிறது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90. வண்டி வாடகை மட்டும் நம்முடையது. வண்டல் போட்ட கையோடு பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும் முன்னால் மடக்கி உழுதோம். முதல் வருஷம் நெல்லே போடவில்லை. வேர்க்கடலை. கலந்த மண் அதற்குப் பொருந்தியது, பிடுங்கும்போது காய் மண்ணில் தங்காமல் வந்தது. ரெண்டாம் வருஷம் மறுபடி தக்கைப்பூண்டு. மூணாம் வருஷம்தான் நெல். விளைச்சல் பழைய அளவு இல்லை, முக்கால் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண் பரிசோதனைக்கு எங்கள் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு வாருங்கள். உங்களுக்கும் பக்கம்தான்.

தோல்பேட்டை | செப்டம்பர் 16, மாலை 6.30

வண்டல் என்றதும் ஓடிவந்தேன். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து ஏரி என்றால் அள்ளும் முன்னால் மண்ணையும் தண்ணீரையும் சோதியுங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவின் உப்பு எவ்வளவு என்று பார்க்காமல் போட்டால் மணலே தேவலை என்று ஆகிவிடும். பலத்த மழை பெய்தால் மாராப்பட்டுப் பாலத்தடியில் நுரை பொங்கி வருகிறதே, அந்தத் தண்ணீர் போய்த் தங்குகிற இடமும் யாரோ ஒருவரின் நிலம்தானே. தோல் கழிவு வழக்கு 1996இலேயே உச்ச நீதிமன்றம் போய்த் தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியில் பாலாற்றைச் சொல்லி மறுபடி தீர்ப்பு. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இன்றைக்கும் பருப்பு வேகாது.

சந்தேகப்பிராணி | செப்டம்பர் 16, இரவு 8.00

கைலித்தறி தம்பி, நேற்று நீ சொன்னது சுருக்கென்றது. எங்கள் கிணறு மேட்டில்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் கால்வாய் திறப்பதற்கு முன்னால் கடைவாசலைப் போய்ப் பாருங்கள். எங்கள் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் மீன் ஓடிவிடக் கூடாது என்று கடைவாசலில் வலை கட்டுவார். மழையில் செடி, குப்பை எல்லாம் வந்து வலையில் அப்பிக்கொள்ளும். வலை அப்போது சுவர் ஆகிவிடும். அந்தப் பக்கம் ஏரிப் பாசனத்தில் நிலம் வைத்திருக்கிற ஆயக்கட்டுக்காரர்கள் ரெண்டு அடி அதிகம் பிடிக்கலாம் என்று மணல் மூட்டை அடுக்குவார்கள். ராத்திரி கீழ்வீட்டுக்காரன் போய் மூட்டையைத் தள்ளுவான். பழி மட்டும் மழைமேல்.

நாகநதி | செப்டம்பர் 17, காலை 9.10

கணியம்பாடி பக்கம் இருந்து. நான் நூறு நாள் வேலைக்குப் போகிறவள், என் மகன் தட்டித் தருகிறான்.

எங்கள் நாகநதி காய்ந்து கிடந்தது. பொம்பளைகள் நாங்கள் ஓடையில் கல் அடுக்கித் தடுப்பு வைத்தோம், ஆற்றுக்குள்ளேயே உறைகிணறு இறக்கினோம். ஒரே ஊர் இல்லை, மாவட்டம் பூரா பல ஊர்க்காரிகள். பிரதமர் ரேடியோவில் பேசுகிற அளவுக்குப் போயிற்று. பேசினதை விடுங்கள், நான் சொல்ல வந்தது வேறு. மலையிலிருந்து இறங்குகிற இடத்தில் கல்தடுப்பு இருந்தால் தண்ணீர் தவழ்ந்து வரும், மண் மேலேயே தங்கும். கல் அடுக்கும்போது பெரிய கல்லைக் கீழே வைக்கணும், நடுவில் கொஞ்சம் பள்ளமாக விடணும். நடுவில் உயர்த்திவிட்டால் தண்ணீர் ஓரமாகப் போய்க் கரையை அறுக்கும். எங்கள் முதல் தடுப்பு அப்படித்தான் போனது. மழைக்கு அப்புறம் போய்ப் பார்த்தால் தடுப்பு நிற்கிறது, பக்கத்தில் புது ஓடை ஓடுகிறது. எல்லாரும் உட்கார்ந்து சிரித்தோம்.

கரையில் என்ன வைப்பது என்றால் பனங்கொட்டை, நொச்சி, வெட்டிவேர். பனை வர வருஷம் ஆகும். நொச்சியை ஆடு கடிக்காது.

பாலாத்துக்கரை | செப்டம்பர் 21, இரவு 9.30

ஓவர்சியர் ஐயா சொன்னபடி இன்றைக்குக் காலையில் ஏழு பேர் நடந்தோம். விஷயம் பெரிதாகிவிட்டது.

கால்வாய் ஆற்றுக்குப் போகவில்லை. புலப்படத்தில் பார்த்தால் கடைவாசலிலிருந்து கிழக்கே வளைந்து பக்கத்து ஊர் ஏரிக்குப் போகிறது. எங்கள் தலைமுறையில் ஒருத்தருக்கும் தெரியாது. அந்த ஊர் ஏரி நிரம்புவதே இல்லை, அவர்கள் மலை ஓடையை நம்பித்தான் இருக்கிறார்கள். எங்களுக்கு ஒன்பது நாள் நின்ற தண்ணீர் அவர்களுக்கு வர வேண்டிய தண்ணீர்.

எங்கள் ஊரில் ஏரித் தண்ணீரைத் திறந்து பங்கிட்ட பழைய நீர்க்கட்டியின் மகன் இருக்கிறார், எழுபதுக்கு மேல் வயசு. அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். கால்வாயே தெரியாத இடத்தில், கரும்புக்கு நடுவில், காலால் தட்டி இங்கே ஒரு கல் இருக்கணும் என்றார். மண்வெட்டி போட்டதும் ரெண்டாம் வெட்டில் டங் என்றது. மடைக்கல். பக்கத்துக் கழனிக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கால்வாயில் முப்பது சென்ட் அவருடைய கரும்பு.

அவர் என் சித்தப்பா. அங்கேதான் நிற்கிறோம்.

கன்சால்பேட்டைக்காரி | செப்டம்பர் 21, இரவு 9.52

ஐயோ.

பழைய ஓவர்சியர் | செப்டம்பர் 22, காலை 6.15

நான் நினைத்தேன். தம்பி, 2007ஆம் வருஷத்து ஏரிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, நோட்டீஸ் விடலாம், அளந்து கல் நடலாம். ஆனால் சித்தப்பாவிடம் சட்டத்தோடு போனால் ஐப்பசி போய் மாசி வந்துவிடும். கரும்பு எப்போது வெட்டு?

பாலாத்துக்கரை | செப்டம்பர் 22, காலை 7.05

தை கடைசியில்.

பழைய ஓவர்சியர் | செப்டம்பர் 22, காலை 7.20

அப்படியானால் முப்பது சென்டையும் கேட்காதீர்கள். இந்த வருஷத்துக்கு நடுவில் ஆறு அடி அகலம் கேளுங்கள். அதில் போகிற கரும்புக்கு ஊர் பணம் கொடுக்கட்டும். வெட்டு முடிந்த பிறகு முழு அகலம். அடுத்த கிராம சபையில் ரெண்டு ஊர் தீர்மானமும் எழுதிவிடுங்கள், பேச்சோடு விட்டால் அடுத்த கரும்பு வந்து நிற்கும். கேட்கப் போகும்போது நீங்கள் மட்டும் போகாமல் பக்கத்து ஊர்க்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். சொந்தக்காரன் கேட்டால் கோபம் வரும், அடுத்த ஊர்க்காரன் தண்ணீர் கேட்டு வாசலில் நின்றால் இல்லை என்று சொல்ல நம் ஆட்களுக்கு வாய் வராது.

சந்தேகப்பிராணி | செப்டம்பர் 22, காலை 8.40

எனக்கு ஒப்புதல் இல்லை. ஆக்கிரமித்தவருக்கே பணமா? நாளைக்கு எல்லாரும் கால்வாயில் கரும்பு வைப்பார்கள்.

கைலித்தறி | செப்டம்பர் 22, காலை 9.00

நியாயமான கேள்விதான். ஆனால் மழை வழக்கு முடிகிற வரைக்கும் காத்திருக்காதே.

விரிஞ்சை விவசாயி | செப்டம்பர் 22, இரவு 7.30

மண்ணைத் தோண்டி இரண்டு கரையிலும் போடும்போது கீழ்ப்பக்கக் கரையை உயர்த்துங்கள். மட்டம் பார்க்காமல் வெட்டாதீர்கள். லெவல் மிஷின் வேண்டாம், கொத்தனார் வைத்திருக்கிற தண்ணீர் டியூப் போதும். நூறு அடிக்கு ஒரு முளை அடித்து, முளைக்கு முளை மட்டம் பிடித்துக்கொண்டே போங்கள். நடுவில் ஒரு இடம் மேடாக இருந்தால் போதும், தண்ணீர் திரும்பி உங்கள் வீட்டுக்கே வரும்.

பாலாத்துக்கரை | செப்டம்பர் 29, இரவு 10.10

பக்கத்து ஊரிலிருந்து பதினாலு பேர் வந்தார்கள், நாலு பேர் பெண்கள். சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்துகொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தர், உங்கள் அம்மா எங்கள் ஊர்ப் பெண்தானே என்றார். சித்தி காப்பி போட எழுந்து போனார். அப்போதே முடிந்தது என்று நினைத்தேன், இல்லை. ஆறு அடி முடியாது, நாலு அடி என்றார். கடைசியில் ஐந்து. கரும்புக்குப் பணம் வேண்டாம், கரும்பின் காய்ந்த சோகையை உரித்துத் தரச் சொன்னார். அதை எப்படி எழுதுவது என்று எங்கள் கணக்குப்பிள்ளைக்கு இன்னும் புரியவில்லை.

அப்பா கூட வந்தார். நாலு வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் கால் வைத்தது இதுதான் முதல்.

ஆயுத பூஜை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு வேலை. தண்ணீர் டியூப் ஒன்று கிடைத்துவிட்டது, இன்னொன்று இருந்தால் இரண்டு முனையிலிருந்தும் பிடிக்கலாம்.

சந்தேகப்பிராணி | செப்டம்பர் 29, இரவு 10.25

என்னிடம் இருக்கிறது. அறுபது அடி. பள்ளிகொண்டாவிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு?

பாலாத்துக்கரை | செப்டம்பர் 29, இரவு 10.31

பஸ்ஸை நம்பாதீர்கள் அண்ணே, பைக்கில் ஆள் அனுப்புகிறேன். மண்வெட்டி வேண்டாம், இங்கே இருக்கிறது. தொப்பி மட்டும் கொண்டு வாங்க.